கதவுக்கும் கேட்டுக்கும் நடுவில்

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க. ஈரோடுதானே? நானும் அங்கேதான். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க, வேடிக்கை பார்க்கிற மனசு எனக்கு இன்றைக்கு இல்லை.

என்ன பார்க்கிறீங்க, கையில் இருக்கிற ஊக்கையா? ஊக்குதான். பொம்பளைங்க சேலையில் குத்துகிற ஊக்கு. உடனே என் காலைப் பார்க்கிறீங்க. செருப்பு அறுந்து போகவில்லைங்க. நேற்றுத்தான் வாங்கினேன், புத்தம் புதுசு. விஷயமே அதுதான். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் காங்கேயம் போவதற்குள் எவனையாவது அடித்துவிடுவேன். ஏறும்போதே கண்டக்டரிடம் ஒரு சண்டை போட்டாயிற்று. நீங்களும் பார்த்தீங்க.

என் பேர் நாச்சிமுத்து. பழைய சாக்கு வியாபாரம். கருங்கல்பாளையத்தில் கிடங்கு. மாவு மில்லிலும் மளிகை மண்டியிலும் காலியாகிற சாக்கை மொத்தமாக வாங்கி, உதறி, ரகம் பிரித்து, கிழிசலைத் தைத்து, கடலைக்காரனுக்கும் மஞ்சள்காரனுக்கும் விற்கிறது. சாக்குதானே என்று நினைக்காதீங்க. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் நான். ஆறாம் வகுப்போடு சரி. இன்றைக்கு அந்தச் சுற்று வட்டாரத்தில் நாச்சிமுத்து ஒரு விலை சொன்னால் சொன்னதுதான். எல்லாம் இந்த வாயால் சம்பாதித்தது.

சாக்கு வியாபாரத்தில் விலை எங்கே முடியும், தெரியுமா? விற்கிறவன் கிடங்குக்குள் முடியாது. உள்ளே பேசுகிறதெல்லாம் சும்மா தொண்டையைச் செருமுகிற மாதிரி. நாம் ஒரு விலை சொல்வோம், அவன் கையை விரிப்பான். உடனே எழுந்து, துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். கிடங்குக் கதவுக்கும் வெளிக் கேட்டுக்கும் நடுவில் ஒரு நாற்பது அடி இருக்கும். வியாபாரம் அந்த நாற்பது அடியில்தான். அவன் கூப்பிட்டால் நம் விலை, நாமாகத் திரும்பினால் அவன் விலை. முதலில் வாயைத் திறந்தவன் தோற்றான். கேட்டைத் தாண்டிவிட்டால் அந்தப் பேச்சு செத்தது. அப்புறம் அவன் ரோட்டுக்கே ஓடி வந்து கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் இதுதான் சட்டம்.

இதில் என்னையே தூக்கிச் சாப்பிடுகிற ஆள் ஒருத்தி உண்டு. ராசாமணி. என் வீட்டுக்காரி. அவள் எழுந்து நடந்தால் அவசரமே இருக்காது. சரியாக இருபதாவது அடியில் நிற்பாள். குனிந்து செருப்பு வாரைச் சரி பண்ணுவாள். ரப்பர் செருப்பு, அதில் சரி பண்ண என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. கூப்பிடுகிறதானால் இப்போது கூப்பிடு, இன்னும் நான் கேட்டைத் தாண்டவில்லை என்று அர்த்தம். அவள் குனிந்து, கூப்பிடாமல் விட்டவனை நான் பார்த்ததே இல்லை. "நில்லு அம்மிணி, நில்லு அம்மிணி" என்று பின்னாலேயே வருவான்கள். நான் பக்கத்தில் நின்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

பிள்ளை குட்டி இல்லைங்க எங்களுக்கு. இருபத்தாறு வருஷம், அவளும் நானும் சாக்கும்.

போன வியாழக்கிழமை கிடங்கு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. சின்னப் பெண். கௌசிகாவாம். கோயமுத்தூரில் ஏதோ பெரிய படிப்பு. கையில் ஒரு அட்டை, அதில் கத்தையாகத் தாள்.

"ராசாமணி மேடம் இருக்காங்களாங்க?"

மேடம்! தைக்கிற பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இல்ல. என்ன சங்கதி?"

"பெண் தொழில்முனைவோர் பத்தி ஆராய்ச்சி பண்றேனுங்க. அவங்களோட அனுபவம், அவங்க சந்திச்ச சவால் எல்லாம் கேட்டு எழுதணும். நாப்பது கேள்விதானுங்க. பதிவுப் பட்டியல்ல இந்த யூனிட் அவங்க பேர்ல இருந்துச்சு."

"காயிதத்துலதான் அம்மிணி அவ பேரு. பொம்பளை பேர்ல போட்டா கடன்ல மானியம் உண்டுன்னு போட்டது. தொழில் பண்றது நான். என்னையக் கேளு."

அது தயங்கியது. நான் விடவில்லை. நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டு, டீ சொல்லி உட்கார வைத்துவிட்டேன். என் கதையைக் கேட்கிறேன் என்று யார் வந்தார்கள் இத்தனை வருஷத்தில்?

முதல் கேள்வி, தொழில் தொடங்குகிற எண்ணம் எப்படி வந்தது? நன்றாகச் சொன்னேன். "நான் மாவு மில்லுல மூட்டை தூக்கிட்டிருந்தேன். ராசாமணி அங்கயே கூட்டிப் பெருக்கற வேலை. கிழிஞ்ச சாக்கைக் குமிச்சு வெச்சு எரிக்கப் போனாங்க. அவ போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தா. ராத்திரியெல்லாம் உக்காந்து தைச்சா. நான் சந்தைக்குக் கொண்டுபோய் வித்தேன். அப்படித்தான் நான் ஆரம்பிச்சது."

அந்தப் பெண் எழுதிக்கொண்டே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது. எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, தரத்தை எப்படிக் காப்பாத்துறீங்க? "மூக்குதான் அம்மிணி. மொளகாச் சாக்குல வெல்லத்தைப் போட்டா வெல்லம் காறும். யூரியா ஒரச் சாக்குல கடலையைப் போட்டா ஊரே ஆசுபத்திரிக்குப் போவோணும். ராசாமணி ஒரு இழுப்பு இழுத்தான்னா, உள்ள என்ன கெடந்துச்சு, எத்தனை மாசம் கெடந்துச்சுன்னு சொல்லிப்போடுவா. என் மூக்கு பொடி போட்டுப் போட்டுச் செத்துப்போச்சு."

"இப்ப யாருங்க மோந்து பாக்கறாங்க?"

அந்தக் கேள்வி அந்தத் தாளில் இல்லைங்க. அதுவாகக் கேட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உன் தாள்ல இருக்கறதை மட்டும் கேளு" என்றேன். உங்களிடம் சொல்கிறேன், பங்குனி மாதம் ஒரு வெல்ல மண்டிக்காரன் மொத்தச் சாக்கையும் கொண்டுவந்து என் வாசலில் வீசிவிட்டுப் போனான். மிளகாய் நெடியாம். நான் மோந்து பார்த்தேன். எனக்குச் சாக்கு வாசம்தான் வந்தது.

ஒரு பதினைந்து கேள்வி போயிருக்கும். பேனாவை மூடிவிட்டது. "ஐயா, இது உங்க அனுபவமுங்களா, அவங்க அனுபவமுங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்படின்னா அவங்களையே கேட்டுக்கறேனுங்க. எங்க இருக்காங்க?"

"தாராபுரத்துல. தங்கச்சி வூட்டுல."

"எப்ப வருவாங்க?"

"வருவா."

ஒன்றரை வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிற பதில் அது. வருவா.

நடந்ததைச் சொல்கிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்க. எங்களிடம் துளசி என்று ஒருத்தி தைத்துக்கொண்டிருந்தாள். அவள் மகளுக்குக் கல்யாணம். ராசாமணிக்கு அப்போது ஒரு பைத்தியம். நல்ல சாக்காகப் பார்த்து வெட்டி, ஓரம் மடித்து, சின்னச் சின்னத் தாம்பூலப் பை தைப்பாள். துளசி மகள் கல்யாணத்துக்கு ஐநூறு பை, அடக்க விலைக்கே தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நான் அன்றைக்கு ஒரு மில்லில் சரக்கை விட்டுவிட்டு வந்திருந்தேன். எவனோ ஒரு பொடிப்பயல், நான் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அந்த எரிச்சலோடு உள்ளே வந்தால், அங்கே பை அடுக்கி வைத்திருக்கிறது.

"இந்த வெலைக்குக் குடுக்க முடியாது" என்றேன்.

"நான் சொல்லிப்போட்டனுங்க" என்றாள்.

"சொல்றதுக்கு நீ யாரு? தொழில் என்னுது. உன்னுது கையெழுத்து மட்டும்தான்."

நாலு பொம்பளைங்க தைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு ஊசியும் அப்படியே நின்றது. ராசாமணி சத்தம் போடவில்லைங்க. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபம். "அப்படிங்களா" என்றாள். தொட்டியில் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் சொன்ன வெலை நின்னா, நானும் நிக்கறனுங்க. இல்லீனா என்ற கையெழுத்தை எடுத்துட்டுப் போறேன்."

நான் "போ" என்றேன்.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? பேரத்தில் போ என்றால் போ என்றா அர்த்தம்? எத்தனை பேரை அவளும் நானும் சேர்ந்து போ என்று சொல்லியிருக்கிறோம்! இருபத்தாறு வருஷம் என்கூட நின்றவளுக்கு அது தெரியாதா?

கிடங்கை ஒட்டித்தான் எங்கள் வீடு. போய்ப் பையில் ரெண்டு சேலையைப் போட்டுக்கொண்டு வந்து நடந்தாள். நான் கதவில் சாய்ந்து நின்றேன். இருபதாவது அடியில் நின்றாள். குனிந்தாள். செருப்பு!

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டதுங்க. அட, இன்னும் பேரத்தில்தான் இருக்கிறாள். அப்படியென்றால் இறங்கி வருவாள். இந்த வித்தையை என்னிடமேவா? அன்றைக்கு ரொம்ப நேரம் குனிந்திருந்தாள். முதலில் இடது கால். அப்புறம் வலது கால். அப்புறம் மறுபடி இடது கால். துளசி எழுந்து வந்து, "அண்ணா, கூப்புடுங்கண்ணா" என்றாள். "நீ ஊசியைப் பாரு" என்றேன்.

ராசாமணி நிமிர்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டைத் தாண்டினாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேனுங்க. அன்று சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அவளும் போன் பண்ணவில்லை, நானும் பண்ணவில்லை. வீம்பு பிடித்த பொம்பளை. ஒரு போன் பண்ணினால் என்ன குறைந்துவிடும்? என் போனை நான் ஒரு நாள் அணைத்து வைத்ததில்லை. குளிக்கும்போதுகூட ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் குளிப்பேன். துளசியும் வேலையை விட்டு நின்றுவிட்டாள். அந்த ஐநூறு பை இன்னும் கிடங்கில்தான் இருக்கிறது. எலி கடிக்கக் கூடாது என்று உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

அந்தப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். தாளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தது. எனக்குத்தான் பழக்கம் இருக்கிறதே, கூப்பிடவில்லை. பாவம், அதற்குப் பேரமெல்லாம் தெரியாது. பாதி வழி போய்த் தானாகவே திரும்பி வந்தது. "அவங்க நம்பராச்சும் குடுங்க ஐயா."

பார்க்காமலே சொன்னேன், பத்து எண்ணையும். "இங்கயே பேசு அம்மிணி, சத்தமா வெச்சுப் பேசு. நான் இருக்கறேன்னு சொல்லாத."

"அது தப்புங்க."

"நீயாச் சொல்லாத. கேட்டா சொல்லு." அதற்கும் பேரம்.

நாலு தடவை அடித்தது. "ஆருங்க?" என்று ஒரு குரல். ஒன்றரை வருஷம் கழித்து. நான் ஒரு சாக்குக் கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் விவரம் சொல்லிக் கேட்க ஆரம்பித்தது. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். எத்தனை பேர் சேர்ந்து நடத்தினீங்க? "ரெண்டு பேருங்க. நானும் எங்க வூட்டுக்காரரும்." முடிவெல்லாம் யார் எடுத்தாங்க? "அவருதானுங்க. வாய் அவருது. நான் மோந்து பாத்தேன், அவ்வளவுதானுங்க." பாருங்க, ஒரு வார்த்தை என்னைக் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பார்த்தாயா அம்மிணி, நான் சொன்னதுதானே என்று அந்தப் பெண்ணுக்குச் சைகை காட்டினேன்.

அப்போதுதான் அது தும்மியது. ஒன்று, ரெண்டு, மூன்று. விடாமல்.

"மொளகாச் சாக்கு எங்கயோ கலந்து கெடக்குது" என்றாள் ராசாமணி. மெதுவாகச் சொன்னாள். "கெடங்குலயா நின்னு பேசறீங்க, அம்மிணி?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. "ஆமாங்க" என்றது.

நான் பேசியிருக்கலாம். கேட்கிறீங்க, தெரிகிறது. அங்கே அவள் பேசாமல் இருந்தாள், இங்கே நான் பேசாமல் இருந்தேன். யார் முதலில் திறக்கிறது? அந்தப் பெண்ணே பயந்துபோய் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. "தொழில்ல நீங்க சந்திச்ச மிகப் பெரிய சவால் எதுங்க? கடன், சந்தை, வேலையாட்கள், குடும்பம்..."

அப்புறம் சொன்னாள்: "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க அம்மிணி. ஒரு நாள் வாசல்ல நின்னு செருப்பைச் சரி பண்ணினேன். மூணு தடவை. அவ்வளவுதான்."

அந்தப் பெண்ணுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "இதை எந்தக் கட்டத்துலங்க போடறது?"

"மத்ததுன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல போடுங்க."

கடைசிக் கேள்வி. மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் இதே தொழிலைத் தொடங்குவீங்களா? ராசாமணி சிரித்தாள். "கேட்டைத் தாண்டுன சரக்குங்க அது. எங்க தொழில்ல அப்படி ஒரு சட்டம் இருக்குது. கெடங்குல ஆராச்சும் இருந்தா கேட்டுப் பாருங்க."

வைத்துவிட்டாள்.

அந்தப் பெண் தாளை அடுக்கிக்கொண்டே ஒரு கட்டத்தைக் காட்டியது. தொழில் இப்போது நடக்கிறதா, மூடியாகிவிட்டதா? "அவங்க சொல்லலைங்க. நீங்களும் சொல்லலை. திங்கக்கெழமை வர்றேன், அப்பச் சொல்லுங்க" என்று காலியாக விட்டுவிட்டுப் போய்விட்டது.

நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லைங்க. நேற்று இந்தச் செருப்பை வாங்கினேன். இன்றைக்குக் காலையில் பஸ் ஏறினேன். வெறுங்கையோடு போகவில்லை, எல்லாம் யோசித்துத்தான் போனேன். போர்டு எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். 'ராசாமணி சாக்குக் கிடங்கு'. பச்சையில் எழுத்து, மஞ்சளில் ஓரம். அதைக் கடைசியில் சொல்லலாம் என்று இருந்தேன். கடைசி விலையை முதலிலேயே சொல்கிறவன் வியாபாரியா?

தங்கச்சி வீடு அமராவதி ஆற்றுப் பக்கம். கம்பிக் கேட். உள்ளே வாசலில் தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. மடியில் ஒரு பை. நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். பிறகு திரும்பிப் போகிறவன் மாதிரி நாலடி நடந்தேன். நின்றேன். குனிந்தேன்.

ஆமாங்க. வேறு எனக்கு என்ன தெரியும்? என் பாஷையும் அவள் பாஷையும் அது ஒன்றுதானே. இடது கால். வலது கால். மறுபடி இடது கால். மிஷின் சத்தம் நின்றது. கூப்பிடு ராசாமணி, ஒரு வார்த்தை கூப்பிடு, இந்த ஒரு தடவை நீ கூப்பிடு, அப்புறம் ஆயுசுக்கும் நான் கூப்பிடுகிறேன். மனசுக்குள்தான் சொன்னேன். வெளியே வரவில்லை.

காலடி வந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"செருப்பு அந்துருச்சுங்களா?" என்றாள்.

ரோட்டில் போகிற யாரோ ஒருத்தரைக் கேட்கிற மாதிரி. கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் "ம்" என்றேன்.

தாலிக்கொடியில் கோத்து வைத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு நடுவில் கையை நீட்டினாள். "இதைக் குத்திட்டுப் போங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தாங்கும்."

என் காலைப் பார்த்தாள். ஒரு சாக்கை மோந்து எத்தனை மாதம் கிடந்தது என்று சொல்கிறவளுக்குப் புதுச் செருப்பு தெரியாதா? தெரிந்துதான் கொடுத்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள். மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

இதுதான் அந்த ஊக்கு.

நான் ஒன்று கேட்கிறேன், சொல்லுங்க. பேரம் முடிந்துபோயிருந்தால் இதை எதற்குக் கொடுக்கிறாள்? வேறு ஊக்கா இல்லை வீட்டில்? தாலிக்கொடியில் இருந்தது. முதலில் வாயைத் திறந்ததும் அவள்தானே? "செருப்பு அந்துருச்சுங்களா" என்று அவள்தானே முதலில் பேசினாள்? எங்கள் கணக்குப்படி அது கூப்பிட்டதுதான். இல்லைங்களா? அவள் கேட்டுக்கு உள்ளே, நான் வெளியே. அப்படியானால் தாண்டினது யார்? நாளைக்குத் திங்கட்கிழமை, அந்தப் பெண் வந்து கேட்குமே, அந்தக் கட்டத்தில் என்னவென்று போடச் சொல்கிறது?

காங்கேயம் வந்துவிட்டது. அஞ்சு நிமிஷம் நிற்பான். அதோ பாருங்க, எதிரே, தாராபுரம் பஸ். ஆள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது இறங்கி அதில் ஏறினால் இருட்டுவதற்குள் போய்விடலாம். கேட்டில் நின்று, குனியாமல், பேரைச் சொல்லி...

நானாக இறங்கினால் என்னவோ மாதிரி இருக்குதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இறங்குங்க என்று சொன்னால் போதும், இறங்கிவிடுகிறேன்.

சொல்லுங்க.

பெரிய ஆளுங்க நீங்க. வாயைத் திறக்க மாட்டேன் என்கிறீங்களே.

சரி, விடுங்க. நம்ம கண்டக்டர் விசில் அடிச்சுட்டான்.